அமெரிக்க அரசின் ஓர் அறிவிப்பைப் படித்து எடைபோடுவது எப்படி?

2025 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. அமெரிக்க நிறுவனங்கள் வெளிநாட்டு வல்லுநர்களை வேலைக்கு எடுக்கப் பயன்படும் எச்-1பி விசாவுக்கு 1,00,000 டாலர் கட்டணம் என்ற செய்தி வெளியானதும், விடுமுறைக்கு ஊர் வந்திருந்த பலர், கட்டணம் அமலுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை பிறப்பதற்குள் அமெரிக்க மண்ணை மிதித்துவிட வேண்டும் என்று கிடைத்த விமானத்தில் இடம் தேடினார்கள். அறிவிப்பு நிகழ்வில் பேசிய வர்த்தகத் துறைச் செயலர் அதை ஆண்டுதோறும் கட்டவேண்டிய தொகையாகச் சொல்லியிருந்தார். மறுநாள், அது ஒரே ஒரு முறை கட்டும் தொகை என்றும், இனித் தாக்கலாகும் மனுக்களுக்கே உரியது என்றும், ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களைப் பாதிக்காது என்றும் அரசுத் தரப்பிலிருந்து விளக்கம் வந்தது. அதற்குள் பலர் விமானத்தில் ஏறிவிட்டார்கள்.

இப்படிப்பட்ட செய்தி வரும்போது தொலைக்காட்சி விவாதத்தையோ வாட்ஸ்அப் குழுவையோ நம்பாமல், நான்கு கேள்விகளுக்கு விடை தேடினால் பெரும்பாலும் போதும். வெளியாகியிருக்கும் ஆவணம் எந்த வகையைச் சேர்ந்தது, எந்தச் சட்டப் பிரிவை ஆதாரமாகக் காட்டுகிறது, எந்த நாள் முதல் செல்லும், அதை மாற்றவோ நிறுத்தவோ யாருக்கு அதிகாரம் உண்டு என்பவையே அவை. 1787-இல் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டம் முதல் பிரிவில் நாடாளுமன்றமான காங்கிரசுக்குச் சட்டம் இயற்றும் அதிகாரத்தையும், இரண்டாம் பிரிவில் அதிபருக்கு நிர்வாக அதிகாரத்தையும், மூன்றாம் பிரிவில் நீதிமன்றங்களுக்கு நீதி வழங்கும் அதிகாரத்தையும் கொடுத்திருப்பதால், எந்த ஆவணமானாலும் இந்த மூன்றில் ஒன்றிலிருந்துதான் பிறந்திருக்க வேண்டும். ஓட்டுநர் உரிமம், திருமணப் பதிவு, பள்ளிக்கூடம் போன்றவை பெரும்பாலும் 50 மாநிலங்களின் பொறுப்பு என்பதால், அவை பற்றிய செய்திக்கு வாஷிங்டனில் விடை தேட வேண்டியதில்லை.

மசோதா என்றால்

செய்தியில் ‘மசோதா’ என்ற சொல் கண்ணில் பட்டால் முதலில் நிதானமாக மூச்சு விடலாம். 435 உறுப்பினர்கள் கொண்ட பிரதிநிதிகள் அவையிலும் 100 உறுப்பினர்கள் கொண்ட செனட்டிலும் ஒவ்வொரு காங்கிரசின் இரண்டாண்டுக் காலத்திலும் ஆயிரக்கணக்கான மசோதாக்கள் தாக்கலாகின்றன. சட்டமாவது அவற்றில் மிகச் சிறிய பங்குதான். அந்த இரண்டாண்டுகள் முடியும்போது நிலுவையில் உள்ளவை அத்தனையும் காலாவதியாகிவிடும். எண்ணுக்கு முன் ‘எச்.ஆர்.’ என்றிருந்தால் பிரதிநிதிகள் அவையில் பிறந்த மசோதா, ‘எஸ்.’ என்றிருந்தால் செனட்டில் பிறந்தது. காங்கிரஸ்.ஜிஓவி தளத்தில் அந்த எண்ணைத் தட்டினால் மசோதா எந்தக் குழுவில் கிடக்கிறது, கடைசியாக என்ன நடந்தது என்பது தேதி வாரியாகத் தெரியும். குழுவுக்கு அனுப்பப்பட்டது என்ற வரியோடு பல மாதங்களாக நின்றிருந்தால், அதைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட ஒன்றுமில்லை.

இரு அவைகளிலும் நிறைவேறினாலும் மசோதா சாகலாம். நிரந்தரமாகத் தங்கும் உரிமை தரும் பச்சை அட்டைக்கு (கிரீன் கார்டு) நாடு வாரியாக இருக்கும் உச்சவரம்பைத் தளர்த்த வந்த மசோதா 2019 ஜூலையில் பிரதிநிதிகள் அவையில் 365-க்கு 65 என்ற வாக்கில் நிறைவேறியது. செனட் 2020 டிசம்பரில் தனக்கென்று வேறொரு வடிவத்தை நிறைவேற்றியது. ஒரே வாசகத்தை இரு அவைகளும் ஏற்றால்தான் அது அதிபரின் மேசைக்குப் போகும் என்பதால், இரண்டு வடிவங்களும் ஒன்றுசேராமலே அந்தக் காங்கிரசின் காலம் முடிந்து, இந்தியர்கள் ஆவலோடு காத்திருந்த அந்த முயற்சி அத்தோடு அவிந்துபோனது.

முதல் வாசகம் கடைசி வாசகம் ஆகாது என்பதற்கு 2025-ஆம் ஆண்டின் பெரிய வரிச் சட்டமே சான்று. அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு 5 சதவீத வரி என்று தொடங்கிய பேச்சு, பிரதிநிதிகள் அவையில் நிறைவேறியபோது 3.5 சதவீதமாகி, ஜூலை 4 அன்று அதிபர் கையெழுத்திட்டபோது 1 சதவீதமாக இறங்கியது. அதுவும் ரொக்கமாகவோ மணி ஆர்டர் போன்ற வழிகளிலோ கொடுத்து அனுப்பும் பணத்துக்கு மட்டும்தான். வங்கிக் கணக்கிலிருந்து அனுப்புபவருக்கு இல்லை. அச்சட்டத்தின் எண் 119-21, அதாவது 119-ஆவது காங்கிரஸ் இயற்றிய 21-ஆவது பொதுச் சட்டம். இப்படி ஓர் எண் கிடைத்துவிட்டால்தான் அது சட்டம்.

அதிபர் கையெழுத்திட்ட தாள்

நிர்வாக ஆணையானாலும் பிரகடனமானாலும் அதிபரின் ஆவணங்களில் தொடக்கத்திலேயே, எந்த அதிகாரத்தைக் கொண்டு இதைப் பிறப்பிக்கிறேன் என்ற வாக்கியம் இருக்கும். பலரும் தாண்டிச் செல்லும் அந்த வாக்கியத்தில்தான் ஆவணத்தின் பலமும் பலவீனமும் இருக்கின்றன. எச்-1பி கட்டணப் பிரகடனம் 1952-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தில் 212(எஃப்) பிரிவை ஆதாரமாகக் காட்டுகிறது. நாட்டின் நலனுக்கு ஊறு என்று கருதும் வெளிநாட்டவரின் வருகையை நிறுத்திவைக்க அது அதிபருக்கு இடம் தருகிறது. ஆகவே பிரகடனம் கட்டணச் சட்டம்போல் எழுதப்படாமல், நுழைவுக்குத் தடை, பணம் கட்டினால் விலக்கு என்ற உருவில் எழுதப்பட்டிருக்கிறது. நீட்டிக்கப்படாவிட்டால் 12 மாதத்தில் காலாவதியாகும் என்றும் அதிலேயே சொல்லப்பட்டிருக்கிறது. அதே சமயம், ஆண்டுக்கு 65,000 விசா, அமெரிக்காவில் உயர்பட்டம் பெற்றவர்களுக்குக் கூடுதலாக 20,000 என்ற வரம்பைக் காங்கிரசே சட்டத்தில் எழுதிவைத்திருப்பதால், எந்த அதிபரும் அதைக் கையெழுத்தால் உயர்த்திவிட முடியாது.

காங்கிரஸ் கொடுக்காத அதிகாரத்தை அதிபர் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு 1952-ஆம் ஆண்டே விடை சொல்லியிருக்கிறது. கொரியப் போரின்போது வேலைநிறுத்தத்தைத் தவிர்க்க எஃகு ஆலைகளை அரசுடைமைபோல் நடத்த அதிபர் ட்ரூமன் ஏப்ரலில் ஆணையிட்டார். ஜூனில் உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அது செல்லாது என்றது.

விதி: உண்மையான வேலை நடக்கும் இடம்

என் கணிப்பில், சாதாரண மனிதரின் அன்றாடத்தை அதிகமாகத் தொடுவது சட்டமும் அல்ல, அதிபரின் ஆணையும் அல்ல. துறைகள் வகுக்கும் விதிகள்தாம். செய்தியாளர்கள் மிகக் குறைவாகக் கவனிப்பதும் அவற்றையே. 1946-ஆம் ஆண்டின் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி, ஒரு துறை பொதுவாக முதலில் முன்மொழிவை வெளியிட்டு, மக்களின் கருத்தைக் கேட்டு, எழுந்த முக்கியமான கேள்விகளுக்கு விடை சொன்ன பிறகே இறுதி விதியை வெளியிட வேண்டும். இவை எல்லாம் 1936 முதல் வெளிவரும் ஃபெடரல் ரெஜிஸ்டர் என்ற அரசிதழில், அரசு வேலை நாள்தோறும் அச்சாகின்றன, ஃபெடரல்ரெஜிஸ்டர்.ஜிஓவி தளத்தில் இலவசமாகப் படிக்கலாம்.

எச்-1பி ஊழியர்களில் குறிப்பிட்ட சிலரின் கணவனோ மனைவியோ வேலை செய்ய அனுமதிக்கும் எச்-4 விதியை எடுத்துப் பார்த்தால் இந்த இயந்திரத்தின் பல்சக்கரங்கள் எல்லாம் தெரியும். உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை 2014 மே மாதத்தில் முன்மொழிவை வெளியிட்டது. ஏறத்தாழ 13,000 கருத்துகள் வந்தன. 2015 பிப்ரவரி 25 அன்று இறுதி விதி அச்சாகி, மே 26 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த ஆவணத்தைத் திறந்தால் மேலேயே சில தலைப்பு வரிகள் இருக்கும். ‘செயல்’ என்ற வரியில் முன்மொழியப்பட்ட விதியா, இடைக்கால விதியா, இறுதி விதியா என்று எழுதியிருக்கும். ‘தேதிகள்’ என்ற வரியில் அமலாகும் நாள் இருக்கும். அதற்குப் பின் வரும் பல பக்க முன்னுரை, துறை தன் முடிவை நியாயப்படுத்தி எழுதிய வாதம். விதியின் சட்ட வாசகம் கடைசிச் சில பத்திகளில்தான் இருக்கிறது என்பதால், பின்னிருந்து படிப்பதே புத்திசாலித்தனம். எச்-4 விதியின் கடைசியில், வேலை அனுமதி பெறுவோர் வகைகளின் பட்டியலில் 26 என்ற புதிய எண் சேர்க்கப்பட்டிருக்கும்; இன்று அந்த அனுமதி அட்டையில் அச்சாகும் ‘சி26’ என்ற குறி அங்கிருந்து வந்ததுதான்.

விதியை ரத்து செய்வதற்கும் இதே வழியில் மறுபடி நடக்க வேண்டும். 2017-இல் ஆட்சி மாறியபின் எச்-4 வேலை அனுமதியை நீக்கப்போவதாக அரசின் விதித் திட்டப் பட்டியலில் அறிவிப்பு இடம்பெற்றது. 2019 பிப்ரவரியில் அதற்கான வரைவு, முக்கிய விதிகளை வெளியாவதற்கு முன் சரிபார்க்கும் ஓஐரா என்ற வெள்ளை மாளிகைப் பிரிவுக்கும் போனது. ஆனால் அது கடைசிவரை அரசிதழில் முன்மொழிவாகக்கூட வெளிவரவில்லை. 2021 ஜனவரியில் திரும்பப் பெறப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் ‘எச்-4 ரத்து’ என்று தலைப்பிட்டு வந்த செய்திகளுக்கு அளவே இல்லை. திட்டப் பட்டியலில் இருப்பது விருப்பம், ஓஐராவில் இருப்பது வரைவு, அரசிதழில் இருப்பதே நடவடிக்கை என்று அப்போதே தெரிந்துவைத்திருந்த குடும்பங்கள் நிம்மதியாகத் தூங்கியிருக்கும்.

முன்மொழிவு வெளிவந்தபின் கருத்துச் சொல்லக் குடிமகனாக இருக்கத் தேவையில்லை, எவரும் ரெகுலேஷன்ஸ்.ஜிஓவி தளத்தில் எழுதலாம். பெரும்பாலும் 30 முதல் 60 நாள் அவகாசம் இருக்கும். இது வாக்கெடுப்பு அல்ல என்பதால், ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் நகலெடுத்து அனுப்புவதால் பெரிய பயன் இல்லை. முன்மொழிவில் எந்தப் பத்தி தவறான கணக்கை வைத்திருக்கிறது, அது உங்கள் தொழிலிலோ குடும்பத்திலோ என்ன விளைவை உண்டாக்கும், அதற்கு மாற்றாக எந்த வாசகம் பொருந்தும் என்று ஆதாரத்தோடு ஒரு பக்கம் எழுதினால் துறை அதற்கு விடை சொல்லியாக வேண்டிய கட்டாயம் பிறக்கிறது. சொல்லத் தவறினால், பிற்பாடு நீதிமன்றத்தில் அதுவே விதியின் ஓட்டையாகும்.

காங்கிரசுக்கும் விதியைக் கவிழ்க்க வழி உண்டு. 1996-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரு அவைகளும் தீர்மானம் நிறைவேற்றி, அதிபரும் கையெழுத்திட வேண்டும். ஓர் அவை மட்டும் நிர்வாகத்தின் முடிவை நிராகரிக்கும் பழைய பழக்கம் 1983-இல் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கின் தீர்ப்பால் ஒழிந்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர் கென்யாவில் பிறந்த இந்திய வம்சாவளியினரான ஜகதீஷ் ராய் சத்தா என்பது பலருக்குத் தெரியாத செய்தி.

நீதிமன்றம் என்ன செய்தது?

வழக்கு தொடரப்பட்டது என்பதாலேயே விதி நின்றுவிடாது. தடையாணை வந்ததா என்று பார்க்க வேண்டும். சேவ் ஜாப்ஸ் யுஎஸ்ஏ என்ற அமைப்பு எச்-4 விதியை எதிர்த்து 2015-இல் தொடுத்த வழக்கு மாவட்ட நீதிமன்றத்துக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் இடையே நடந்து, 2024 ஆகஸ்டில் விதி செல்லும் என்று தீர்ப்பாகி, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை விசாரிக்க மறுத்ததோடு முடிந்தது. அந்தப் பத்து ஆண்டுகளும் அட்டைகள் வழங்கப்பட்டுக்கொண்டேதான் இருந்தன.

அண்மைய இரண்டு தீர்ப்புகள் இங்கே முக்கியம். தெளிவற்ற சட்டத்துக்குத் துறை தரும் விளக்கத்தை நீதிமன்றம் ஏற்க வேண்டும் என்ற 1984-ஆம் ஆண்டின் நிலைப்பாட்டை உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில் கைவிட்டது. அதனால் துறைகளின் விதிகளை எதிர்ப்பது முன்பைவிட எளிதாகியிருக்கிறது. 2025 ஜூனில் அதே உச்ச நீதிமன்றம், மாவட்ட நீதிபதி வழக்குத் தொடுத்தவரைத் தாண்டி நாடு முழுவதற்கும் தடையாணை பிறப்பிப்பதற்குக் கடிவாளம் போட்டது. ஆகவே இனி ‘நீதிமன்றம் தடை’ என்று படித்தால், யாருக்குத் தடை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் கோப்பு எங்கே இருக்கிறது?

அமைச்சரவைத் துறைகள் 15. ஒரு எச்-1பி மனுவே அவற்றில் மூன்றைத் தொட்டுச் செல்கிறது: சம்பள நிபந்தனையைச் சான்றளிப்பது தொழிலாளர் துறை, மனுவை ஏற்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் குடியேற்றச் சேவை அமைப்பு, கடவுச்சீட்டில் விசா ஒட்டுவது வெளியுறவுத் துறையின் தூதரகம். விமான நிலையத்தில் உள்ளே விடுவது மீண்டும் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை. ஆனால் அது சுங்க, எல்லைக் காவல் என்னும் வேறு பிரிவு. எத்தனை நாள் தங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது விசாவில் உள்ள தேதி அல்ல, அவர்கள் பதியும் ஐ-94 பதிவின் தேதி என்பதால், வந்து சேர்ந்ததும் அதை இணையத்தில் பார்த்துவிடுவது நல்லது.

ஒவ்வொரு பிரிவுக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அக்டோபர் 1-இல் நிதியாண்டு பிறக்கும்போது காங்கிரஸ் செலவுக்கு ஒப்புதல் தராவிட்டால் அலுவலகங்கள் மூடப்படும். 2013 அக்டோபரில் 16 நாள் அப்படி நடந்தபோது, விண்ணப்பக் கட்டணத்தில் இயங்கும் குடியேற்றச் சேவை அமைப்பு பெரும்பாலும் வேலை செய்தது. தொழிலாளர் துறையின் சான்றளிப்புப் பிரிவோ நின்றுபோனதால், முதல் படியிலேயே புதிய மனுக்கள் முடங்கின.

கோப்பு எங்கோ அசையாமல் கிடக்கிறது என்று தோன்றினால், நீங்கள் வசிக்கும் தொகுதியின் பிரதிநிதிகள் அவை உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்தை அணுகலாம். வாக்குரிமை இல்லாதவரும் உதவி கேட்கலாம். உங்கள் விவரத்தைத் துறை அவர்களுக்குச் சொல்வதற்கான ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தால், அலுவலக ஊழியர் துறைக்கு எழுதிக் கேட்பார். முடிவை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை; ஆனால் அவர்கள் கேட்டால் துறையிலிருந்து பெரும்பாலும் எழுத்தில் ஒரு பதில் வரும். படிவத்தோடு ரசீது எண், தாக்கல் செய்த தேதி, துறையிலிருந்து கடைசியாக வந்த கடிதத்தின் நகல், நீங்கள் கேட்கும் ஒரே ஒரு கேள்வி ஆகியவற்றை அரைப் பக்கத்துக்குள் எழுதி இணையுங்கள்.