பாத்ரூம் பைப்பும் கீசர் எர்த்தும்: புதிதாக வருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெயினை அணைக்காமல் கை வைக்காதே, ஃபேஸையும் நியூட்ரலையும் மாற்றிப் போடாதே என்பதெல்லாம் வயரிங் வேலைக்கு வரும் பையன்களுக்கு முதல் வாரத்திலேயே பழகிவிடும். கீசர் இருக்கும் பாத்ரூமில்தான் ஆள் மாறினாலும் அதே தவறுகளைப் பார்க்கிறேன்.

தண்ணீர் பைப்பையே எர்த்தாக எடுப்பது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். பழைய வீடு, சாக்கெட்டுக்கு எர்த் கம்பி வரவில்லை. டிபியிலிருந்து (வீட்டின் மெயின் சுவிட்ச் பெட்டி) புதிதாக இழுக்கச் சோம்பல். பக்கத்திலேயே ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புப் பைப் போகிறது. எர்த் பின்னிலிருந்து ஒரு துண்டுக் கம்பியை எடுத்து அதில் சுற்றிவிட்டு, ஃபேஸுக்கும் பைப்புக்கும் நடுவே 100 வாட் குண்டு பல்பைப் பிடித்துக் காட்டுகிறார்கள். பளிச்சென்று எரிகிறது. வீட்டுக்காரருக்கும் திருப்தி.

அந்தப் பல்பை நம்பவே கூடாது. 230 வோல்ட்டில் அதற்கு அரை ஆம்பியர்கூட வேண்டாம். பைப் வழியாக மண்ணுக்குப் போகும் பாதையில் 20 ஓம் தடை இருந்தாலும் பல்பில் குறைவது 10 வோல்ட்டுக்கும் கீழே, கண்ணுக்குத் தெரியாது. ஆனால் தண்ணீரைச் சூடாக்கும் காயில் பழுதாகி ஃபேஸ் கீசர் பாடியைத் தொட்டால், அதே 20 ஓமில் ஓடுவது பதினொன்றரை ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபிக்கு (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) அது சாதாரண லோடு, விழாது. கீசர், பைப், குழாய், ஷவர் எல்லாவற்றிலும் கிட்டத்தட்ட முழு வோல்ட்டேஜ் நிற்கும்.

சென்னையில் ஒரு மாடி வீடு. கீழே பைப் துருப்பிடித்து ஒழுகியதால் பிளம்பர் இரண்டடி வெட்டி எடுத்துவிட்டு யுபிவிசி பிளாஸ்டிக் பைப் போட்டிருக்கிறார். அவர் வேலையில் குறையே இல்லை. மாடியில் யாரோ கீசர் எர்த்தை அந்தப் பைப்பில் கட்டியிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? அன்றோடு மாடிப் பைப்புக்கு மண்ணோடு இருந்த தொடர்பு அறுந்துபோனது. பிறகு காயிலில் கரண்ட் லீக்கேஜ் வந்தது. கீசரே இல்லாத பக்கத்து பாத்ரூமில், எவர்சில்வர் வாளியை வைத்துக் குழாயைத் திருகிய அம்மாவுக்கு ஷாக். ரப்பர் செருப்பு போட்டிருந்ததால் கையை உதறிக்கொண்டு விலக முடிந்தது. நான் போய் மீட்டர் வைத்தபோது குழாய்க்கும் ஈரத் தரைக்கும் நடுவே 200 வோல்ட்டை ஒட்டிக் காட்டியது.

சரியான முறை இதுதான். டிபியின் எர்த் பாரிலிருந்து கீசர் சாக்கெட்டுக்குத் தனியாகப் பச்சைக் கம்பி வர வேண்டும். அதன் பிறகு சுடுதண்ணீர் பைப், பச்சைத் தண்ணீர் பைப் இரண்டிலும் கிளாம்ப் போட்டு, 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியால் அந்த எர்த்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும். இதைத்தான் பாண்டிங் என்கிறோம். ஒரு கை கீசரிலும் மறு கை குழாயிலும் இருந்தாலும் இரண்டுக்கும் நடுவே ஆபத்தான வோல்ட்டேஜ் வராது. நாளைக்குப் பிளம்பர் பைப்பை வெட்டினாலும் கீசரின் எர்த் அறுபடாது. எர்த் குழியை எர்த் டெஸ்டர் வைத்து அளந்து பாருங்கள். 5 ஓம் வந்தாலும் பழுதின்போது ஓடுவது 46 ஆம்பியர்தான். சாதாரண சி வகை எம்சிபி அதற்கு உடனே விழாது. அதனால் கொஞ்சம் கரண்ட் கசிந்தாலே விழுந்துவிடும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம் வேண்டும்.

ஆர்சிசிபி இருக்கிறதே என்று எர்த்தை விடுவது

எர்த் இருந்தால் லீக்கேஜ் வந்ததுமே விழும். இல்லாவிட்டால் யாராவது தொட்டு, அவர் உடம்பு வழியாகக் கரண்ட் போன பிறகுதான் விழும்.

சாக்கெட்டில் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்ப்பது

செய்யவே கூடாது. நியூட்ரல் எங்காவது விட்டுப்போனால் கீசர் பாடியே ஃபேஸ் ஆகிவிடும்.

ஃப்ளெக்சிபிள் ஹோஸை நம்புவது

வெளியே ஸ்டீல் பின்னல், உள்ளே ரப்பர்; எர்த் பாதையாக அதை நம்ப முடியாது. கிளாம்பை ஹோஸைத் தாண்டிப் பைப்பில் போடுங்கள்.

பெயின்ட் மேல் கிளாம்ப்

சுரண்டிவிட்டுப் போடுங்கள்.

முழுக்க சிபிவிசி பிளாஸ்டிக் பைப் ஓடும் வீட்டில் குழாய்க்கு எர்த்

தேவையில்லை. கீசருக்கு மட்டும் கொடுங்கள்.

கிளாம்பை டைல்ஸுக்குள் மூடுவது

ஈரத்தில் கிளாம்ப் பச்சை பூத்துத் தளர்ந்துவிடும். ஸ்க்ரூடிரைவர் எட்டும் இடத்தில் வையுங்கள். டைல்ஸ் ஒட்டுபவர் வரும் அன்று நீங்களும் கூட இருங்கள்.