செவிலியரை நடக்க வைக்க விரும்பும் தலைமைச் செவிலியர்களுக்கு

ஷிப்டு முழுவதும் வார்டுக்கும் மருந்து அறைக்குமாக அலைந்துகொண்டிருக்கும் ஒருவரிடம் "இன்னும் கொஞ்சம் நடங்கள்" என்றால், அவர் முறைப்பதில் நியாயம் இருக்கிறது. ஆகவே முதலில் வேறுபாட்டை விளக்க வேண்டும். நாலடி வைப்பதும் நிற்பதுமாகக் கழியும் பணிநேர நடை கால்களை ஓயச் செய்கிறதே தவிர, இதயத் துடிப்பைத் தொடர்ந்து உயர்த்துவது குறைவு. நிமிடத்துக்கு ஏறத்தாழ 100 காலடி வேகத்தில், பேச முடிந்தாலும் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க நடப்பதையே இங்கு நடைப்பயிற்சி என்கிறோம்.

உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பைப் பரிந்துரைத்ததோடு, ஒவ்வொரு முறையும் பத்து நிமிடமாவது நீடிக்க வேண்டும் என்ற பழைய நிபந்தனையையும் கைவிட்டது. நேரம் துண்டு துண்டாகவே கிடைக்கும் செவிலியருக்கு இது பெரிய வசதி. நாளுக்கு 10,000 காலடி என்பது 1960களில் ஜப்பானில் அடி எண்ணும் கருவியின் விற்பனையோடு பரவிய எண் என்பதால், அதைச் சுவரில் ஒட்டி யாரையும் மிரட்ட வேண்டாம்.

சுவரொட்டியைவிடப் பணிப்பட்டியலே அதிகம் சாதிக்கும். உணவுக்குப் பின் பத்து நிமிடம் ஒருவர் வளாகத்தில் நடந்துவர, அவருடைய நோயாளிகளை இன்னொருவர் பார்த்துக்கொள்வார் என்று பெயர் குறித்து எழுதிவைத்தால் மட்டுமே அந்த நடை நடக்கும். உணவுக்குப் பிந்தைய நடை இரத்தச் சர்க்கரை ஏறுவதையும் மட்டுப்படுத்தும். வீட்டுக்குப் போய் நடக்கலாம் என்பது, அங்கே சமையலறை காத்திருக்கும் பெண்ணுக்குப் பயன்படாத அறிவுரை. இரவுப் பணி முடித்தவர் முதலில் உறங்கட்டும். தூக்கக் கலக்கத்தோடு சாலையோரம் நடப்பது ஆபத்து. மதியம் இரண்டு மணிக்குப் பணி முடிப்பவரையும் வெயிலில் இறக்காமல், நீண்ட நடைக்கூடங்களையும் மாடிப்படிகளையும் பயன்படுத்தச் சொல்லலாம்.

எடையைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. அரைமணி நேர விரைநடையில் செலவாகும் ஏறத்தாழ 150 கலோரியை, இரவுப் பணியில் குடிக்கும் இரண்டு சர்க்கரைத் தேநீரும் ஒரு வடையும் தாராளமாக ஈடுகட்டிவிடும். எனவே தேநீரில் கை வைக்காமல் நடையை மட்டும் கூட்டினால் எடை இயந்திரம் ஏமாற்றும். ஏமாந்தவர் நடையையும் நிறுத்திவிடுவார். எடை குறையாவிட்டாலும் இரத்த அழுத்தமும் உறக்கமும் சீராகக்கூடும் என்பதால், எடையோடு இடுப்புச் சுற்றளவையும் அளந்துவரச் சொல்லுங்கள். இந்தியப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. எச்சரிக்கை எல்லை. இந்த அளவுகள் அவரவர் கைப்பேசியில் இருந்தால் போதும். எடைப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடுவது ஊக்கம் அல்ல, அவமதிப்பு.

போட்டி வைத்தால் வார்டு வாரியாக, நடந்த நாள்களை மட்டும் எண்ணுங்கள். குதிகால் வலி, மூட்டுத் தேய்மானம், கர்ப்பம் உள்ளவர்களும் இன்சுலின் போடுபவர்களும் மருத்துவரைக் கேட்டபின் தொடங்கட்டும். நடக்கும்போது நெஞ்சு இறுகினால் உடனே நிறுத்திப் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். வார்டுச் செருப்பு இந்த நடைக்கு உதவாது என்பதால், குதிகாலைத் தாங்கும் காலணி ஒன்றை உடைமாற்றும் அறையிலேயே வைத்துக்கொள்ள இடம் ஒதுக்கிக் கொடுங்கள்.