தெருவிசை கேட்க நேரமும் இடமும் பாருங்கள்

சிங்கப்பூர் ஆர்ச்சர்ட் சாலையில் தெருவிசை கேட்க ஆசையா? வேலை முடிந்து எம்ஆர்டி ரயிலுக்கு ஓடும் நேரம் வேண்டாம். 2007இல் வாஷிங்டன் மெட்ரோ நிலையத்தில், காலை அவசரத்தில், வயலின் மேதை ஜோஷுவா பெல் யாரென்று சொல்லாமல் 43 நிமிடம் வாசித்தார். கடந்துபோன ஆயிரத்துச் சொச்சம் பேரில் நின்று கேட்டவர்கள் 7 பேர்தான்!

இரவுச் சாப்பாடு முடிந்து நிதானமாகப் போங்கள். ஒலிபெருக்கிக்கு நேரெதிரே நிற்காமல் கொஞ்சம் தள்ளி நின்று, ஒரு பாட்டையாவது முழுசாகக் கேளுங்கள். சுரங்க நடைபாதை என்றால் புல்லாங்குழல், வயலின். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி அவற்றுக்குத் தனி அழகு. தாளவாத்தியம் அங்கே குழம்பிவிடும், அதற்குத் திறந்தவெளிதான் சரி. வாசிப்பவர் இடைவெளி விடும்போது தமிழ்ப் பாட்டு தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள், கூச்சமே வேண்டாம். சில்லறையை முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.