சம்பளம் கூடியும் மனசு நிறையவில்லையா? நாம் செய்யும் சில தவறுகள்

‘இன்னும் கொஞ்சம் சம்பளம் கூடினால் நிம்மதியாக இருப்பேன்’ என்று நினைத்து வேலை மாறி, ஆறே மாதத்தில் அதே சலிப்போடு உட்கார்ந்திருப்பவர்கள் நிறையப் பேர். கூடுதல் சம்பளம் கேட்டது தவறில்லை. எரிச்சல் தீர்ந்தால் நிறைவு தானாக வந்துவிடும் என்று நம்பியதுதான் தவறு. அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இல் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டினார். சம்பளம், மேலதிகாரி, நிறுவன விதிமுறைகள் சரியில்லாவிட்டால் வேலை கசக்கும். அவை சரியானதாலேயே வேலை இனித்துவிடாது. செய்கிற வேலை, கையில் இருக்கும் பொறுப்பு, வளர வழி, இவையே நிறைவு தருபவை என்றார். அவருடைய ஆய்வு முறையைப் பின்னால் வந்தவர்கள் குறை சொன்னதும் உண்டு. ஆனாலும் ராஜினாமா கடிதம் எழுதும் முன், எது கசக்கிறது, எது கிடைக்கவில்லை என்று தனித்தனியாக எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

அடுத்தது, இருப்பதிலேயே சிறந்த வேலைதான் வேண்டும் என்ற பிடிவாதம். படிப்பை முடித்து வேலை தேடிய மாணவர்களைப் பற்றி 2006-இல் ஓர் ஆய்வு வந்தது. இப்படித் தேடியவர்களுக்கு மற்றவர்களைவிட 20 சதவீதம் அதிகச் சம்பளத்தில் வேலை கிடைத்தது. ஆனால் கிடைத்த வேலையில் அவர்களுக்குத்தான் திருப்தி குறைவு. எனக்கு இது வருத்தமான முடிவாகவே படுகிறது.

‘என் வேலையில் என்ன இருக்கிறது’ என்று ஒதுக்கிவிடுவதும் தவறுதான். ஏமி ரெஸ்னெஸ்கி, ஜேன் டட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2001-இல் எழுதிய கட்டுரையில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்கள் வருகிறார்கள். சிலர் சொன்னதை மட்டும் செய்துவிட்டுப் போனார்கள். சிலரோ நோயாளிகளிடம் நாலு வார்த்தை பேசி, நோய் குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். இரு சாராருக்கும் பதவி ஒன்றே.

சரி, அப்படியானால் வேலையே உயிர் என்று இருந்துவிடலாமா? அதுவும் வேண்டாம். உயிரியல் பூங்காப் பராமரிப்பாளர்களைப் பற்றி 2009-இல் வெளியான ஆய்வில், இதற்காகவே பிறந்தோம் என்று நினைத்தவர்களே சம்பளத்தையும் சொந்த நேரத்தையும் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார்கள். நிர்வாகம் அதைச் சாதகமாக்கிக்கொள்ளவும் இடமிருந்தது. பிடித்த வேலைதானே என்று சம்பள உயர்வு கேட்கத் தயங்காதீர்கள்.