கேரவனுடன் தென் ஐரோப்பா: தம்பதியர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனிலிருந்து காரின் பின்னால் கேரவனை, அதாவது படுக்கையும் சமையலிடமும் கொண்ட இழுவை வீட்டை, இழுத்துக்கொண்டு பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி என்று புறப்படும் தம்பதியர், குறிப்பாகப் பணி ஓய்வுக்குப் பிறகு முதன்முறையாகக் கிளம்புவோர், செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை கேரவனை ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய வண்டியாக நினைப்பதிலிருந்துதான் தொடங்குகின்றன. மோட்டார்ஹோம், அதாவது தானே ஓடும் வீட்டு வண்டி, வைத்திருப்பவர் ரொட்டி வாங்கப் போவதென்றாலும் வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டும். கேரவன்காரர் முகாம்தளத்தில் அதை நிறுத்திவிட்டு, கழற்றிய காரில் பத்து நாளும் சுற்றலாம். இந்த வசதியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று திட்டம் போடுவது வீண். பிரான்சின் வடகோடித் துறைமுகமான கலேயிலிருந்து ஸ்பெயின் எல்லை வரை ஆயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதை இரண்டே நாளில் ஓட்டித் தீர்க்க நினைப்பவர் களைத்துப்போய் இருட்டிய பிறகு தளத்தின் பூட்டிய வாசலில் நிற்பார். ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டர் போதும்.

அடுத்தது எடை, உயிருக்கே ஆபத்தான பிழைகள் நடப்பது இதில்தான். இருவர் தங்கும் கேரவனில் சாமான்களுக்கென ஒதுக்கப்பட்ட எடை பெரும்பாலும் 150 கிலோவை ஒட்டியே இருக்கும். கேரவனைக் கையால் தள்ளாமல் நகர்த்தப் பொருத்தும் மோட்டார் கருவியே சுமார் 30 கிலோ. தொட்டியில் 40 லிட்டர் நீர் விட்டால் அது 40 கிலோ. அதன்மேல் பேட்டரி, எரிவாயு உருளை, முன்கூடாரம், மூன்று மாதத்துக்கான அரிசி, பருப்பு, தேங்காய்ப்பால் டப்பாக்கள் என்று ஏற்றினால், அனுமதித்த எடையைத் தாண்டியது தெரியாமலேயே நெடுஞ்சாலையில் ஏறிவிடுவோம். அரிசியும் பருப்பும் பிரெஞ்சுப் பேரங்காடிகளிலேயே கிடைக்கும் என்பதை நினைவில் வைத்தால் பாதிச் சுமை குறையும். புறப்படும் முன் பொது எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பார்ப்பது அவசியம்.

மொத்த எடை சரியாக இருந்தாலும், அதை எங்கே வைக்கிறோம் என்பதில் தவறலாம். கனமான பொருள்களைத் தரையோடு, சக்கர அச்சுக்கு நேர் மேலே வைக்க வேண்டும். கேரவனை மாட்டும் காரின் இணைப்புப் பந்தின் மீது கேரவன் அழுத்தும் எடை, ஏற்றிய கேரவன் எடையில் 5 முதல் 7 விழுக்காடு வரை இருக்கலாம்; ஆனால் காரும் இணைப்பும் தாங்கும் வரம்பை அது மீறக்கூடாது. பின்பக்கம் கனத்துவிட்டால், லாரி ஒன்று கடந்துபோகும் காற்றிலேயே கேரவன் இருபுறமும் ஆடத் தொடங்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் பிரேக்கை அழுத்துவதும், ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்புவதும் வண்டியைக் கவிழ்த்துவிடக்கூடிய செயல்கள். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, வேகம் தானாகக் குறைய விட வேண்டும்.

தெற்கே போகப்போக இது ஏட்டளவில் நிற்காது. தென் பிரான்சின் ரோன் பள்ளத்தாக்கில் வீசும் மிஸ்ட்ரால் காற்றும், பெர்பின்யான் பக்கம் ஏ9 சாலையைத் தாக்கும் டிராமொன்டான் காற்றும் கேரவன்களைப் புரட்டிப்போட்டிருக்கின்றன. காற்று எச்சரிக்கை வந்தால் ஒருநாள் தங்கிவிடுவதே அறிவு. ஏ75 நெடுஞ்சாலையில் மியோ பாலம் தவிர வேறெங்கும் கட்டணம் இல்லை என்பதால் பலர் அதைத் தேர்கிறார்கள். நல்ல தேர்வுதான். ஆனால் அது 1,100 மீட்டர் உயரம் வரை ஏறி, லார்சாக் பீடபூமியிலிருந்து லொடேவ் நோக்கிச் சரிவாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்துச் சூடாக்காமல், கீழ் கியரில் இறங்க வேண்டும்.

சட்டங்களை ஊருக்கு ஊர் ஒரே மாதிரி எண்ணுவதும் பரவலான பிழை. இத்தாலியில் கேரவன் இழுக்கும் காருக்கு மோட்டார்வேயில் மணிக்கு 80 கிலோமீட்டரும், ஊருக்கு வெளியே மற்றச் சாலைகளில் 70 கிலோமீட்டரும்தான் வரம்பு. பிரான்சில், காரும் கேரவனும் சேர்ந்த அனுமதி எடை 3,500 கிலோவைத் தாண்டினால் மோட்டார்வேயில் 90. ஐரோப்பிய ஒன்றிய உரிமம் வைத்திருப்போர் சாதாரண ‘பி’ பிரிவில் கனமான கேரவனை இழுத்தால் மொத்தம் 3,500 கிலோவுக்குள் இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. பின்னால் சைக்கிள் கட்டியிருந்தால் இத்தாலியிலும் ஸ்பெயினிலும் சிவப்பு வெள்ளைப் பட்டைப் பலகை வேண்டும். கேரவனைக் கழற்றிவிட்டு ஃபுளோரன்சுக்கோ பீசாவுக்கோ காரில் போவோர், ‘இசட்டிஎல்’ (வாகனக் கட்டுப்பாட்டுப் பகுதி) என்று குறித்த பழைய நகர்ப்பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்துவிடுகிறார்கள்; கேமரா எடுத்த படத்துக்கான அபராதக் கடிதம் பல மாதங்கள் கழித்து வீட்டுக்கு வரும்.

பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்கள் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் ஷெங்கன் பகுதியில், அதாவது பொது எல்லை விதிகளைப் பின்பற்றும் ஐரோப்பிய நாடுகளில், இருக்க முடியாது. முன்பு குரோஷியாவுக்குப் போய் நாள்களைச் சேமித்தவர்கள் உண்டு, 1.1.2023 முதல் குரோஷியாவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டதால் அந்த வழி அடைபட்டுவிட்டது. இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டில் பிரிட்டனில் வாழ்வோருக்கு விசாவும் தேவை. விசாவில் குறித்த நாள்களே கணக்கு. பிரிட்டனிலிருந்து இறைச்சியையும் பால் பொருள்களையும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை இருப்பதால், நெய்ப்புட்டியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

முகாம்தளங்களைப் பொறுத்தவரை, ஆகஸ்டில் முன்பதிவில்லாமல் கடற்கரைக்குப் போவது எவ்வளவு தவறோ, அக்டோபரில் விசாரிக்காமல் போவதும் அவ்வளவு தவறு. பிரான்சில் பல தளங்கள் செப்டம்பரோடு மூடிவிடுகின்றன. பெனிடார்ம் போன்ற ஸ்பெயின் கடலோர ஊர்களிலோ குளிர்காலம் முழுவதும் வட ஐரோப்பியர் நிறைந்திருப்பார்கள்.

தளத்தின் மின் இணைப்பு எத்தனை ஆம்பியர் என்று கேட்காமல் பதிவு செய்பவர்களுக்கு முதல் நாள் காலையிலேயே பாடம் கிடைக்கும். 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட் மட்டுமே. வீட்டிலிருந்து கொண்டுவந்த 2,000 வாட் கெட்டிலைப் போட்ட சற்று நேரத்தில் மின்சாரம் போய்விடும். பயணத்துக்கென்றே விற்கும் குறைந்த வாட் கெட்டிலை வாங்கி, ரைஸ் குக்கரை ஹீட்டர் ஓடாத நேரத்தில் வையுங்கள். எரிவாயு உருளையும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் வாங்கியது காலியானால் ஸ்பெயினில் மாற்றித் தரமாட்டார்கள். கேம்பிங்கேஸ் என்ற நிறுவனத்தின் உருளை பல நாடுகளில் கிடைக்கும், ஆனால் சிறியது, விலையும் கூடுதல்.

நெடுஞ்சாலை ஓய்விடங்களில் கேரவனுக்குள் இரவு தூங்குவதைத் தவிருங்கள். ஸ்பெயினின் ஏபி-7 சாலையில் ஒருவர் உங்கள் டயரைச் சுட்டிக்காட்டி நிறுத்தச் சொன்னால், உடனே ஓரங்கட்டாமல் ஆள் நடமாட்டமுள்ள எரிபொருள் நிலையம் வரை போய்ப் பாருங்கள். நிறுத்த வைத்துப் பொருளைத் திருடுவது அங்கே பழைய தந்திரம்.

இருவரில் கணவர் மட்டுமே கேரவனை இணைப்பதும் ஓட்டுவதும், மனைவி பின்னால் நின்று கையை ஆட்டுவதும் என்ற ஏற்பாட்டையே நான் பெரிய குறையாகச் சொல்வேன். பின்வாங்கும்போது கண்ணாடியில் அவர் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு காட்டும் சைகையால் பயனில்லை. கைப்பேசியில் அழைத்து ஒலிபெருக்கியில் பேசுவது சண்டையையும் மிச்சப்படுத்தும். அண்டலூசியாவில் கணவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், இணைப்பை மாட்டி, பாதுகாப்புக் கம்பியைக் கோத்து, பின்விளக்குகளைச் சரிபார்த்து மனைவி ஓட்டிவர முடிய வேண்டும். அதற்கான பயிற்சியைக் கேரவன் சங்கங்கள் பிரிட்டனிலேயே நடத்துகின்றன. பிரிட்டனில் வாழ்வோருக்குத் தரப்படும் ஜிஹெச்ஐசி மருத்துவ அட்டை அரசு மருத்துவமனைச் செலவுக்கு உதவும், நோயாளியை ஊருக்குத் திருப்பி அழைத்துவராது. ஆகவே பயணக் காப்பீடு எடுக்கும்போதும் வண்டிப் பழுதுக் காப்பீடு எடுக்கும்போதும், ஓட்டுநர் படுத்துவிட்டால் காரையும் கேரவனையும் யார் கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்றும், உங்கள் கேரவனின் நீளமும் வயதும் அந்தக் காப்பீட்டில் அடங்குமா என்றும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.