காலி செய்யச் சொல்லி உத்தரவா? முதலில் தேதியைப் பாருங்கள்

பதினெட்டு வருடமாக வக்கீல் குமாஸ்தா வேலை பார்க்கிறேன். வாடகை வழக்கில் தோற்று வருபவரிடம் நான் முதலில் கேட்பது, "உத்தரவு என்றைக்குப் போட்டார்கள்?" நியாயம் யார் பக்கம் என்பதெல்லாம் அப்புறம்.

தமிழ்நாட்டில் இப்போதுள்ள 2017ஆம் வருட வாடகைச் சட்டப்படி, வாடகை நீதிமன்ற உத்தரவை எதிர்த்து வாடகைத் தீர்ப்பாயத்துக்குப் போக 30 நாள்தான். அது உத்தரவுத் தேதியிலிருந்தே ஓடத் தொடங்கிவிடும். சான்றிட்ட நகல், அதாவது நீதிமன்றமே சரிபார்த்து முத்திரையிட்டுத் தரும் உத்தரவு நகல், இல்லாமல் மேல்முறையீடு போட முடியாது. ஆகவே தீர்ப்பு வந்த கையோடு நகல் மனு போட்டுவிடுங்கள்.

மனு போட்டுவிட்டு வீட்டில் உட்காரக் கூடாது. நகல் கட்டணம் கேட்டு நோட்டீஸ் போர்டில் பட்டியல் ஒட்டுவார்கள், தினமும் போய்ப் பார்க்க வேண்டும். நகலின் பின்பக்கம் ஒரு ரப்பர் முத்திரை இருக்கும்: மனு போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, வாங்கிய தேதி. நகலுக்காகக் காத்திருந்த நாட்களை அந்த 30 நாள் கணக்கிலிருந்து கழித்துக் கேட்க இந்த முத்திரைதான் சாட்சி. நீங்களாகத் தாமதித்த நாட்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. ஒரு பெரியவர் பேரன் கல்யாணத்தை முடித்துவிட்டு ஒன்பது நாள் கழித்து வந்து கட்டினார். தாமதத்தை மன்னிக்கச் சொல்லித் தனி மனு, அதற்கு இரண்டு வாய்தா. கல்யாணச் சாப்பாடு பிரமாதம் என்று மட்டும் சொன்னார்.

மேல்முறையீடு போட்டாலே வீடு தப்பித்தது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. கூடவே தடையுத்தரவு கேட்டு மனு போடாவிட்டால், உத்தரவை நிறைவேற்றும் நீதிமன்ற ஊழியரான அமீனா வந்து வாசலில் நிற்பார். தடை சும்மாவும் கிடைக்காது. பழைய வாடகையைவிடக் கூடுதலான, நியாயமான தொகையைக் கட்டச் சொல்லி நிபந்தனை போடலாம் என்று 2004லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பணத்துக்கு முன்கூட்டியே வழி பாருங்கள். மாத வாடகையையும் நிறுத்திவிடாதீர்கள், வங்கி வழியாக அனுப்புங்கள்.

சரி, மனுவில் என்ன எழுதுவது? பிள்ளைக்குப் பரீட்சை, வேறு வீடு கிடைக்கவில்லை என்பதெல்லாம் அவகாசம் கேட்க உதவும், தீர்ப்பை மாற்றாது. உத்தரவில் எந்தப் பத்தி தவறு என்று காட்ட வேண்டும். பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிட்ட ஒரு அம்மாவின் வழக்கு நினைவுக்கு வருகிறது. பாஸ்புக் பக்கம் சான்றாவணமாகக் குறியீடு செய்யப்பட்டிருந்தது, ஆனால் உத்தரவில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. அந்தச் சான்றாவண எண்ணையே முதல் காரணமாக எழுதினோம். தடை கிடைத்தது. வாடகை நீதிமன்றத்தில் காட்டாத புது ஆவணத்தைத் தீர்ப்பாயத்தில் காட்ட நினைத்தால், முன்பே ஏன் காட்டவில்லை என்பதற்குப் பதில் வேண்டும்.

தீர்ப்பாயமும் கைவிட்டால் அரசியல் சாசனத்தின் 227ஆவது பிரிவில் உயர் நீதிமன்றம் போகலாம். அங்கே சாட்சியத்தை மறுபடி அலசமாட்டார்கள்.

வக்கீலைப் பார்க்க வரும்போது வாடகை ஒப்பந்தம், நோட்டீஸ், அது வந்த தபால் உறை எல்லாம் வேண்டும். உறையைத்தான் எல்லோரும் கிழித்துப் போட்டுவிடுகிறார்கள்.