ஹியரிங் அன்றைக்குப் போய் நின்றால் போதுமா? கவுண்டி விவகாரங்களில் நாம் செய்யும் தவறுகள்

வடக்கு வர்ஜீனியாவில் நம் ஆட்கள் வீடு வாங்கிக் குடியேறிய பகுதிகளில், என்றாவது ஒரு நாள் காலி நிலத்தின் ஓரத்தில் மஞ்சள் பலகை ஒன்று முளைக்கும். அதில் ஒரு விண்ணப்ப எண்ணும் ஒரு தேதியும் இருக்கும். அன்று இரவே அதன் படம் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். "என்ன வருதாம்?" என்பார் ஒருவர். "டேட்டா சென்டராம்" என்பார் இன்னொருவர். "எல்லாரும் ஹியரிங்குக்குப் போய் எதிர்ப்பைக் காட்டணும்" என்று மூன்றாமவர் முடித்து வைப்பார். ஐம்பது கட்டைவிரல்கள் உயரும். ஹியரிங்குக்கு, அதாவது முடிவெடுப்பவர்கள் மக்கள் கருத்தைக் கேட்கும் கூட்டத்துக்கு, போவது ஏழு பேர்.

நானும் அந்த ஏழு பேரில் ஒருவனாகப் போயிருக்கிறேன். எழுதி வைத்ததை மூன்று நிமிடத்தில் வாசித்துவிட்டு உட்கார்ந்தேன். நள்ளிரவு நெருங்கும்போது வாக்கெடுப்பு நடந்தது, தோற்றோம். பேச்சில் குறையில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவ்வளவுதான். அதற்கப்புறம் சில வருடங்கள் இந்தக் கூட்டங்களுக்குப் போய்வந்ததில் தெரிந்துகொண்டவை இவை. என் அனுபவம் வர்ஜீனியாவோடு சரி. மற்ற மாநிலங்களில் பெயர்களும் கெடுக்களும் மாறும்.

முதலில் நாம் யாரிடம் போகிறோம் என்பதிலேயே சறுக்குகிறோம். வர்ஜீனியாவில் 95 கவுண்டிகள் (நம் ஊர் மாவட்டம் மாதிரி), 38 தனி நகரங்கள். இங்கே நகரம் கவுண்டிக்குள் அடங்காது, இரண்டும் வெவ்வேறு அரசுகள். ஆனால் தபால் முகவரி அதைப் பார்த்து எழுதப்படுவதில்லை. 'ஃபால்ஸ் சர்ச்' என்று முகவரி வைத்திருப்பவர்களில் ஏராளமானோர் உண்மையில் ஃபேர்ஃபாக்ஸ் கவுண்டியில் இருக்கிறார்கள். 'அலெக்ஸாண்ட்ரியா' என்று எழுதுபவர்களிலும் அப்படித்தான். அந்த நகர மன்றத்துக்கு எத்தனை மின்னஞ்சல் அனுப்பினாலும் பயன் இல்லை. ஆஷ்பர்னில் இருப்பவர்கள் மேயரைத் தேடுவார்கள். ஆஷ்பர்ன் நகராட்சியே கிடையாது, மேயருக்கு எங்கே போவது? அங்கே எல்லாம் மக்கள் தேர்ந்தெடுத்த லௌடன் கவுண்டி சூப்பர்வைசர்கள் குழுதான். சாலைப் பள்ளத்துக்குக்கூடக் கவுண்டியைத் திட்டிப் பயனில்லை. ஆர்லிங்டன், ஹென்ரிக்கோ இரண்டைத் தவிர மற்ற கவுண்டிகளில் சாலைப் பராமரிப்பு பெரும்பாலும் மாநிலப் போக்குவரத்துத் துறையின் வேலை. கவுண்டியின் இணையதளத்தில் வீட்டு முகவரியைத் தட்டினால் உங்கள் சூப்பர்வைசர் யார் என்று வந்துவிடும். அதைச் செய்யாமலே பத்து வருடம் குடியிருப்பவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்ததுதான் பெரிய தவறு. நிலம் பற்றிய முடிவு ஹியரிங் அன்று பிறப்பதாக நினைக்கிறோம். பிரின்ஸ் வில்லியம் கவுண்டியில் நடந்ததைப் பாருங்கள். மனாசஸ் போர்க்கள தேசியப் பூங்காவை ஒட்டி, 2,000 ஏக்கருக்கும் மேல் டேட்டா சென்டர்களுக்கு (கணினி சர்வர்களை அடுக்கிய பெரிய கட்டடங்கள்) ஒதுக்கும் 'டிஜிட்டல் கேட்வே' திட்டம். 2023 டிசம்பரில் நடந்த ஹியரிங் ஏறத்தாழ 27 மணி நேரம் ஓடியது. மக்கள் வரிசையில் நின்று விடிய விடியப் பேசினார்கள். கடைசியில் 4க்கு 3, ஒருவர் வாக்களிக்கவில்லை, திட்டம் நிறைவேறியது. செய்தியில் எல்லோரும் பார்த்தது அந்த இரவைத்தான். ஆனால் அதற்கு ஒரு வருடம் முன்பே, 2022 நவம்பரில், அந்த வட்டாரத்துக்கான காம்ப்ரிஹென்சிவ் பிளானை அதே சூப்பர்வைசர்கள் குழு மாற்றிவிட்டிருந்தது. பண்ணையும் வீடுமாக இருந்த இடம் காகிதத்தில் அன்றைக்கே டேட்டா சென்டர் பூமி ஆகிவிட்டது.

இந்த காம்ப்ரிஹென்சிவ் பிளான் என்பதை நம்மில் யாரும் புரட்டுவதில்லை. அடுத்த இருபது முப்பது வருடங்களில் எந்தப் பகுதி எப்படி இருக்க வேண்டும் என்று கவுண்டி எழுதி வைக்கும் திட்டம் அது. வர்ஜீனியாச் சட்டப்படி ஐந்து வருடத்துக்கு ஒரு முறையாவது அதை மறுபார்வை செய்ய வேண்டும். அது நேரடியாக எதையும் கட்ட அனுமதிக்காது. ஆனால் பிறகு ஒருவர் நிலத்தின் பயன்பாட்டு வகையை (ஜோன்) மாற்றக் கேட்டு ரீஜோனிங் விண்ணப்பம் போடும்போது, அதிகாரிகள் எழுதும் அறிக்கையில் (ஸ்டாஃப் ரிப்போர்ட்) வரும் முதல் கேள்வியே 'பிளானுக்கு ஒத்துப்போகிறதா?' என்பதுதான். பிளான் மாறிய கூட்டத்துக்கு யாருமே போயிருக்க மாட்டோம், வரைபடமும் நிறங்களும் பார்க்கவே சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்பான கூட்டத்துக்கு நான்கு பேர் போனால், பிறகு நாற்பது பேர் போக வேண்டியிருக்காது.

ஹியரிங்கே இல்லாமல் கட்டடம் எழும்புவதும் உண்டு. 'பை-ரைட்' என்பார்கள். அந்த ஜோனில் அந்தக் கட்டடம் ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டது என்றால், உரிமையாளர் வரைபடம் கொடுத்து விதிகளுக்கு உட்பட்டுக் கட்டிக்கொள்ளலாம், சூப்பர்வைசர்கள் வாக்களிக்க எதுவும் இல்லை. லௌடனில் டேட்டா சென்டர்கள் பல இப்படித்தான் வந்தன. 2025 மார்ச்சில்தான் அந்த வழியை அடைத்தார்கள், இனிப் புதியவை குழுவின் முன் வந்தாக வேண்டும். ஆகவே பலகையைப் பார்த்ததும் கேட்க வேண்டியது, இது ரீஜோனிங்கா, ஸ்பெஷல் எக்ஸப்ஷனா (அந்த ஜோனில் தனி அனுமதி வாங்கிக் கட்டுவது), வெறும் சைட் பிளானா (விதிப்படி கட்டும் கட்டடத்தின் வரைபடம்) என்று. சைட் பிளான் என்றால் சூப்பர்வைசரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை, மழைநீர் வடிகாலும் மரவரிசையும் விதிப்படி இருக்கின்றனவா என்று பார்க்கலாம்.

பிளானிங் கமிஷன் 'வேண்டாம்' என்றதும் இனிப்பு வாங்கிக் கொடுத்த ஒரு குழுவை நான் பார்த்திருக்கிறேன். பாவம். கமிஷன் பரிந்துரைதான் செய்யும், சூப்பர்வைசர்கள் அதைத் தள்ளிவிடலாம். டிஜிட்டல் கேட்வே ரீஜோனிங்கைக் கமிஷன் வேண்டாம் என்றுதான் சொன்னது.

சரி, ஹியரிங்குக்கே போகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே என்ன பேசுவது? நம் ஊரில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எடுத்துப்போன பழக்கத்தில், 'தயவுசெய்து ஆவன செய்ய வேண்டுகிறோம்' என்ற தொனியிலேயே பேசிவிடுகிறோம். அல்லது இருபது பேர் ஒரே தாளை வாசிக்கிறோம். இரண்டாவது ஆள் வாசிக்கத் தொடங்கும்போதே மேடையில் ஒருவர் கைபேசியைப் பார்க்க ஆரம்பிப்பதைக் கவனித்திருக்கிறேன். 'வீட்டு விலை விழும்' என்பதும், 'யார் யாரோ வந்து குடியேறுவார்கள்' என்பதும் அவர்களுக்கு முடிவெடுக்க எந்த ஆதாரத்தையும் கொடுப்பதில்லை. இரண்டாவது வாக்கியம் நம்மைப் போன்றவர்கள் வந்தபோது நம்மைப் பற்றியே சொல்லப்பட்டது என்பதையும் மறந்துவிடுகிறோம்.

ஒரு பெண்மணி பேசியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தமிழரில்லை, எங்கள் தெருக்கோடி வீட்டுக்காரர். ஸ்டாஃப் ரிப்போர்ட்டின் அச்சுப் பிரதியில் ஒரு பக்கத்துக்கு மடிப்பு வைத்துக் கொண்டுவந்திருந்தார். "புதிய வாசலை இந்த இடத்தில் காட்டியிருக்கிறீர்கள். காலை 7:40க்குப் பள்ளிப் பேருந்து நிற்பதும் இதே இடம். லாரிகள் இடதுபுறம் திரும்பத் தனிப் பாதை இல்லை" என்றார். முப்பது நொடிகூட ஆகியிருக்காது. கட்டுமான நிறுவனத்தின் வக்கீல் எழுந்து பக்கத்திலிருந்தவரோடு கிசுகிசுத்தார். வாசல் வேறு பக்கம் போனது. திட்டம் நிற்கவில்லை. ஆனால் அன்று பேசிய அத்தனை பேரில் ஏதோ ஒன்றை மாற்றியவர் அவர் ஒருவர்தான். ஸ்டாஃப் ரிப்போர்ட் ஹியரிங்குக்கு முன்பே இணையதளத்தில் வந்துவிடும், அதைப் படிக்காமல் போவது கேள்வித்தாளைப் பார்க்காமல் பதில் எழுதுவது மாதிரி.

இதோடு சேர்ந்ததுதான் பிராஃபர். ரீஜோனிங் கேட்கும் நிறுவனம், 'இவ்வளவு மரம் வைக்கிறேன், இந்தச் சந்திப்பில் சிக்னல் போடுகிறேன், இத்தனை அடி உயரத்துக்கு மேல் கட்ட மாட்டேன்' என்று எழுதித்தரும் உறுதிமொழி. ஏற்றுக்கொள்ளப்பட்டால் அது நிலத்தோடு ஒட்டிக்கொள்ளும், நிலம் கைமாறினாலும் விடாது. அக்கம்பக்கத்தாருக்கு ஏற்பாடு செய்யும் கூட்டத்தில் காபியும் டோனட்டும் கொடுத்து, 'பூங்கா அமைப்போம்' என்று நிறுவனத்தார் வாயால் சொல்வதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பிராஃபர் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுத் திட்டங்களில் கவுண்டி எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு 2016இல் மாநிலம் கடிவாளம் போட்டது, 2019இல் கொஞ்சம் தளர்த்தியது. அதனால் சூப்பர்வைசர் வாய் திறந்து கேட்கத் தயங்குவார். அக்கம்பக்கத்தார் முன்கூட்டியே நிறுவனத்திடம் கேட்டு வாங்குவதுதான் வழி.

பண விஷயத்துக்கு வருவோம். தமிழ்ப் பள்ளிக்கு இடம், முதியோர் மதிய உணவு, இளைஞர் விளையாட்டு என்று நம் சங்கங்கள் கவுண்டியிடம் நிதி கேட்கப் போவது அதிகமாகிவிட்டது. போவது பெரும்பாலும் தப்பான மாதத்தில். வர்ஜீனியாக் கவுண்டிகளின் நிதியாண்டு ஜூலை 1இல் தொடங்குகிறது. பட்ஜெட் வரைவு பிப்ரவரி வாக்கில் வெளியே வரும், வசந்தத்தில் ஹியரிங் நடக்கும். ஏப்ரலில் மைக் முன் நின்று புதிதாக ஒன்றைக் கேட்டால், அதற்காக இன்னொன்றை வெட்ட வேண்டும். விளம்பரப்படுத்திய உச்ச வரி விகிதத்துக்கு மேல் போக வேண்டுமென்றால் மறுபடி விளம்பரம் கொடுக்க வேண்டும், அந்தத் தலைவலியை யாரும் இழுத்துக்கொள்ள மாட்டார்கள். ஃபேர்ஃபாக்ஸில் பொது நிதியில் பாதிக்கு மேல் பள்ளிகளுக்கே போய்விடுகிறது, மிச்சத்தில்தான் தீயணைப்பு, போலீஸ், நூலகம் எல்லாம். கேட்பதை இலையுதிர் காலத்திலேயே கேட்க வேண்டும்.

கூட்டாட்சிப் பணத்துக்கு வேறு கணக்கு. 1974இல் தொடங்கிய சமூக வளர்ச்சி நிதியில், குறைந்தது 70 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமானக்காரர்களுக்குப் பயன்பட வேண்டும். சேவைத் திட்டங்களுக்கு மொத்தத்தில் 15 சதவீதம்தான் உச்சம். எங்கள் சங்கம் ஒன்று இதில் பொங்கல் விழாவுக்கு விண்ணப்பிக்கப் போனது! நல்ல வேளை, அனுப்புமுன் ஒருவர் நிபந்தனைகளைப் படித்தார். இன்னொன்று: இதில் பெரும்பாலும் செலவழித்துவிட்டு ரசீது காட்டித்தான் பணம் வாங்க வேண்டும். கையில் முதல் இல்லாத சின்னச் சங்கம் ஜெயித்த பிறகு மூச்சுத் திணறும். கணக்குவழக்கை ஒருவருடைய சொந்த எக்ஸெல் கோப்பில் வைத்திருப்பவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

கோயிலுக்கோ மண்டபத்துக்கோ நிலம் வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை. விலை மலிவு என்று ஐந்து ஏக்கர் பண்ணை நிலத்தை முதலில் வாங்கிவிட்டு, அப்புறம் ஜோனிங் அலுவலகத்துக்குப் போகாதீர்கள். குடியிருப்பு ஜோனில் வழிபாட்டிடத்துக்குப் பல கவுண்டிகளில் தனி அனுமதி வேண்டும். வண்டி நிறுத்தம், செப்டிக், சாலை அகலம் என்று ஒவ்வொன்றாக நிற்கும். மதப் பயன்பாட்டு நிலத்தைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டுக் கூட்டாட்சிச் சட்டம் இருப்பது உண்மை, அது பாகுபாட்டைத் தடுக்கும். செப்டிக் தாங்காத மண்ணைத் தாங்க வைக்காது. அனுமதி கிடைத்தால்தான் கிரயம் என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

முடிவு வந்த பிறகும் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. ஃபேர்ஃபாக்ஸ் 2021இல் புதுப்பித்த ஜோனிங் விதிகளை, இணையவழிக் கூட்டத்தில் நிறைவேற்றியதற்காக 2023இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. கவுண்டி மறுபடி கூட்டம் போட்டு நிறைவேற்ற வேண்டியதாயிற்று. டிஜிட்டல் கேட்வே ரீஜோனிங்கையும் 2025 ஆகஸ்டில் சர்க்யூட் நீதிமன்றம் (இத்தகைய வழக்கை முதலில் விசாரிக்கும் நீதிமன்றம்) செல்லாது என்றது. காரணம் புகையோ சத்தமோ போர்க்களமோ இல்லை, ஹியரிங் பற்றிய பத்திரிகை விளம்பரம் சட்டப்படி கொடுக்கப்படவில்லை என்பது. வழக்குப் போட்டவர்களில் பக்கத்துக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கமும் ஒன்று. மேல்முறையீடு, இழுபறி என்று அதன் கதை நீண்டது. ஆனால் 27 மணி நேரப் பேச்சால் ஆகாதது ஒரு விளம்பரத் தேதியால் ஆனது. அதனால் விளம்பரம் வந்த நாளையும் பலகை வைத்த நாளையும் படம் எடுத்து வையுங்கள். கோப்புகள் வேண்டுமென்றால் தகவல் அறியும் சட்டப்படி கேட்கலாம், 5 வேலை நாட்களுக்குள் ஏதாவது ஒரு பதில் தந்தாக வேண்டும், கூடுதல் அவகாசம் கேட்பதாக இருந்தாலும் சரி.

ரீஜோனிங் முடிவை எதிர்த்து சர்க்யூட் நீதிமன்றம் போக 30 நாள்தான். நாங்கள் தோற்ற அந்த இரவுக்குப் பிறகு யார் எவ்வளவு போடுவது என்று குழுவில் பேசி முடிக்கவே நான்கு வாரம் ஆனது. பிறகு நடுவில் ஒரு நீண்ட வார இறுதி வந்தது. வக்கீலைக் கூப்பிட்டபோது அவர் கேட்ட முதல் கேள்வி, வாக்கெடுப்பு என்றைக்கு என்பது. தேதியைச் சொன்னேன். அந்தப் பக்கம் நாள்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. அன்று 34ஆவது நாள்.